மகள் நீட்டிய ஒயின் பட்டியல்

இத்தாலிய ஓட்டலுக்குப் போய் ஒயின் பட்டியலைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன் என்றால் நாரணாபுரத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். டீக்கடை பெஞ்சில் காலையில் என்னோடு உட்காரும் நண்பரிடம் சொன்னேன். "அண்ணாச்சி, நீங்க இருமல் டானிக்கே மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பீங்க. உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இதுவரை ஒரு சொட்டு மது நாக்கில் பட்டதில்லை. ஆனாலும் பட்டியலைத் திருத்தினேன். அது எப்படி நடந்தது என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும். நான் 1971-ல் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் பேப்பர் தூக்கும் பையனாகச் சேர்ந்து, 2009-ல் ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். முதலில் தீப்பெட்டி லேபிள், வெடி லேபிள், காலண்டர். எண்பதுகளில் மது பாட்டில் லேபிள் வேலையும் வந்தது. நம் மாநிலத்தில் மதுவிலக்கு வந்ததும் போனதும் பெரிய கதை. 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிவைத்தார். 1971-ல் தளர்த்தினார்கள். பிறகு மறுபடி மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். 1983-ல் டாஸ்மாக் வந்தது. 2003-ல் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. சட்டம் எப்படி மாறினாலும் பாட்டில் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு லேபிள் வேண்டுமே. அதை நாங்கள் அடித்தோம்.

மது லேபிள் மற்ற வேலை மாதிரி கிடையாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அனுமதி. எந்த மாநிலத்தில் விற்பது என்று ஒரு வரி, எச்சரிக்கை ஒரு வரி, அளவு, சதவீதம் எல்லாம் அனுமதி வாங்கிய மாதிரியே இருக்க வேண்டும். தங்க நிறம் அரை மில்லிமீட்டர் விலகினால் கட்டோடு திரும்பி வந்துவிடும். வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு என்கிற எச்சரிக்கையை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற சைஸில், லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளியவன் நான்.

என் அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அவர் எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு வெடி ஆபீஸுக்கு வேலைக்குப் போனார். என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்கவைத்ததும், அச்சகத்து முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியதும் அவர்தான். எப்போது குடிக்கத் தொடங்கினார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. தெரியவந்தபோது நிறுத்த முடியாத இடத்துக்குப் போயிருந்தார். 1994-ல் ஒரு நாள் காலை மதினி வந்து கதவைத் தட்டினார்கள். போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

கட்டிலுக்கு அடியில் ஒரு பாட்டில் உருண்டு கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். எங்கள் அச்சகத்து லேபிள். அது மட்டும் என்றால் மறந்திருப்பேனோ என்னவோ. அந்த லேபிளில் தங்க நிறம் வலது பக்கம் மயிரிழை விலகியிருந்தது. அது எந்தக் கட்டு என்று எனக்குத் தெரியும். அவசர ஆர்டர். இரவு ஷிப்டில் நான் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, போகட்டும்" என்று நானே பாஸ் பண்ணிய கட்டு அது.

இதை என் வீட்டம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அப்போது என் மகளுக்கு ஒன்பது வயது. பிறகு அவள் வளர்ந்து ஓட்டல் நிர்வாகம் படிக்கப் போகிறேன் என்றபோது, சமையல் படிப்புதானே என்று சரி சொன்னேன். படித்து, நாலு ஊர் வேலை பார்த்து, 2014-ல் பெங்களூரிலிருந்து போன் போட்டாள். ஓர் இத்தாலிய ஓட்டலில் ஒயின் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, லண்டனில் தலைமையிடம் உள்ள ஒரு கல்வி நிறுவனத்தின் ஒயின் பரீட்சையும் பாஸ் பண்ணியிருக்கிறேன் என்றாள். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. "ஊத்திக் குடுக்கிற வேலைக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நீங்க இத்தனை வருஷம் அந்த பாட்டிலுக்கு லேபிள் அடிச்சுத்தானேப்பா என்னைப் படிக்க வெச்சீங்க" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன்.

இரண்டு வருடம் அவளும் நானும் நேரே பேசவில்லை. எல்லாம் அவள் அம்மா வழியாகத்தான். 2016-ல் பேத்தி பிறந்த பிறகு பேச்சு வந்தது. வேலையைப் பற்றி மட்டும் அவளும் சொல்ல மாட்டாள், நானும் கேட்க மாட்டேன்.

2019 டிசம்பரில் பேத்தியின் மூன்றாவது பிறந்தநாளுக்கு விருதுநகரில் ரயிலேறி நானும் வீட்டம்மாவும் பெங்களூர் போனோம். மூன்றாம் நாள் மகள், "ரெண்டு பேரும் என் ஓட்டலுக்கு வாங்கப்பா. மத்தியானம் மூணு மணிக்கு மேல கூட்டம் இருக்காது" என்றாள். மறுக்க வாயெடுத்தேன். வீட்டம்மா ஒரு பார்வை பார்த்தாள். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

போய் உட்கார்ந்தோம். வீட்டம்மாவுக்குத் தக்காளி போட்ட பாஸ்தா வந்தது. "சேமியாவைக் கொஞ்சம் தடிமனாப் பண்ணியிருக்காக" என்று சாப்பிட்டாள். மகள் என் முன்னால் ஒரு கட்டுத் தாளை வைத்தாள். கூடவே ஒரு சிவப்புப் பேனா.

"புது ஒயின் லிஸ்ட் அச்சுக்குப் போகுதுப்பா. புரூப் பாத்துக் குடுங்க. சரக்கைப் பாக்க வேணாம். அச்சைப் பாருங்க."

புரூப் என்ற சொல்லைக் கேட்டால் என் கை தானாகக் கண்ணாடியைத் தேடும். முப்பத்தெட்டு வருடப் பழக்கம். வாங்கிப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதல் குற்றம் எழுத்து. கறுப்புத் தாளில் சாம்பல் நிறம், அதுவும் எட்டு பாயின்ட். "சாயங்காலம் எந்த வெளிச்சம் இருக்குமோ அதைப் போடு" என்றேன். ஒரு பையன் போய் விளக்கைக் குறைத்தான். எனக்கு ஒரு வரிகூடத் தெரியவில்லை. "காசு வெச்சிருக்கிறவன் பாதிப்பேரு அம்பது வயசுக்கு மேலதான் இருப்பான். அவன் செல்போன் லைட் அடிச்சுப் படிக்கணுமா?" என்றேன். மகள் எழுதிக்கொண்டாள். வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, பதினொரு பாயின்ட்.

இரண்டாவது, தடிமன். இருபத்திரண்டு பக்கம், நூற்றுப்பத்து பெயர். தோல் அட்டை போட்டு பைண்டிங் பண்ணப் போகிறார்களாம். "இதுல எத்தனை இப்ப ஸ்டாக்ல இருக்கு?" என்று கேட்டேன். எழுபது சொச்சம் என்றாள். "மிச்சம்?" "வரும், போகும்ப்பா."

எங்கள் ஊரில் காலண்டர் சாம்பிள் ஆல்பம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு டிசைன் தீர்ந்துவிட்டால் ஏஜென்ட் வெளியூர் கிளம்புவதற்கு முன்பே அந்தத் தாளை ஆல்பத்திலிருந்து உருவிவிடுவோம். இல்லாததைக் காட்டி ஆர்டர் எடுத்தால் அடுத்த வருடம் அந்தக் கடைக்காரன் முகம் கொடுக்க மாட்டான். அதைச் சொன்னேன். பைண்டிங்கே வேண்டாம், 300 ஜி.எஸ்.எம். அட்டையில் முன்னும் பின்னும் அடி, ஐம்பது சொச்சம் பெயர் போதும், தீர்ந்தால் மாதாமாதம் மாற்றி அடித்துக்கொள், செலவு தோல் அட்டையில் கால்வாசிகூட வராது என்றேன். அவளுக்கு அது பிடித்துவிட்டது. நீளமான பட்டியல் நல்ல பட்டியல் இல்லை, இருக்கிறதை மட்டும் சொல்கிறதுதான் நல்லது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் சொன்னார்களாம்.

மூன்றாவது, வருடம். சில பெயர்களுக்கு எதிரே வருடம் இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. அச்சுப்பிழை என்று நினைத்து வட்டம் போட்டேன். அவள் விளக்கினாள். அது திராட்சை பறித்த வருடம். மழை, வெயில் மாறுவதால் ஒரே தோட்டத்து ஒயின் வருடத்துக்கு வருடம் வேறு மாதிரி இருக்கும். ப்ரொசெக்கோ மாதிரி நுரைக்கிற ஒயினில் பல வருடத்துச் சரக்கைக் கலப்பதால் பெரும்பாலும் வருடம் போட மாட்டார்கள், அது குற்றமில்லை. ஆனால் பரோலோ என்று ஒன்று இருக்கிறது. இத்தாலியின் வடமேற்கில் பியட்மாண்ட் பகுதியில் நெபியோலோ என்ற திராட்சையில் செய்வது. அறுவடை முடிந்து குறைந்தது முப்பத்தெட்டு மாதம் வைத்திருந்துதான் விற்க வேண்டும் என்று சட்டம், அதில் பதினெட்டு மாதம் மரப்பீப்பாயில். அவள் பட்டியலில் அதற்கு எதிரே வருடம் இல்லை.

"மூணு வருஷம் காத்து வெச்ச சரக்குக்கு வருஷம் போடலைன்னா, முகூர்த்த நேரம் போடாத கல்யாணப் பத்திரிகை மாதிரில்லா இருக்கு" என்றேன். சிரித்துவிட்டு, "இறக்குமதிக்காரங்க எந்த வருஷம் அனுப்புறாங்களோ அதைத்தான் குடுக்க முடியும், அதான் போடல" என்றாள். "அதுக்குத்தான் மாசா மாசம் மாத்தி அடிங்கிறேன். வருஷத்தைப் போட்டா அந்த வருஷத்தைத்தான் கொடுக்கணும்" என்றேன்.

அடுத்து நான் பெரிய பிழை ஒன்றைப் பிடித்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டேன். மான்டெபுல்சியானோ என்ற பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. ஓரிடத்தில் டஸ்கனி, இன்னோரிடத்தில் அப்ரூட்ஸோ. ஏதோ ஒன்று தப்பு என்று அடித்தேன். "அதை அடிக்காதீங்கப்பா, ரெண்டும் சரி" என்றாள். டஸ்கனியில் அது ஊர்ப் பெயர். அந்த ஊர் ஒயின் வேறொரு திராட்சையில் செய்வது. அப்ரூட்ஸோவில் அது திராட்சையின் பெயர். பல ஓட்டல்களில் இரண்டையும் ஒன்றாக்கி எழுதியிருப்பார்களாம். அவள் பட்டியலைப் படிக்கும்போது முதலில் அங்கேதான் பார்ப்பாளாம்.

"ராஜபாளையம் மாதிரியா?" என்று கேட்டேன். அவள் விழித்தாள். "ராஜபாளையம்னா ஊரும் உண்டு, நாயும் உண்டு. ராஜபாளையம் நாயை மெட்ராஸ்லயும் வளர்க்கலாம்." அவள் சிரித்த சிரிப்பில் சமையல்கட்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்து வந்தாள். கியாந்தி கிளாசிகோ. கழுத்தில் ஒரு சின்னக் காகிதப் பட்டை சுற்றியிருந்தது. என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு லென்ஸ் இருக்கும். வைத்துப் பார்த்தேன். நுணுக்கமான கோடுகள், பாட்டிலுக்குப் பாட்டில் மாறும் எண். இது இத்தாலிய அரசின் அச்சகமே அடித்துக் கொடுப்பது என்றாள். நம் ஊர் பாட்டிலில் ஒட்டும் ஹாலோகிராம் மாதிரி. 1963-ல் இத்தாலியில் ஒரு சட்டம் வந்தது. இன்ன ஊர்ப் பெயரைப் போட வேண்டுமானால் இன்ன எல்லைக்குள், இன்ன திராட்சையில், இன்ன முறையில் செய்திருக்க வேண்டும். அதற்கு மேல்தரம் ஒன்றும் பிறகு வந்தது. அந்தத் தரத்துக்குத்தான் இந்தப் பட்டை. அந்த வருடம்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்ததால் எனக்கு உடனே விளங்கிவிட்டது.

அந்தப் பாட்டிலில் இன்னொன்று இருந்தது. கறுப்புச் சேவல் முத்திரை. நம்ம ஊர்க்காரனுக்குச் சேவல் மார்க் என்றால் என்ன ஞாபகம் வரும்? காளீஸ்வரி வெடிதான். கதையைக் கேட்டேன். பிளாரன்ஸ், சியனா இரண்டு நகரத்துக்கும் எல்லைத் தகராறாம். சேவல் கூவும்போது இரண்டு ஊரிலிருந்தும் ஒரு குதிரைவீரன் கிளம்ப வேண்டும், எங்கே சந்திக்கிறார்களோ அதுதான் எல்லை. சியனாக்காரர்கள் வெள்ளைச் சேவலுக்கு நன்றாகத் தீனி போட்டு வளர்த்தார்கள். பிளாரன்ஸ்காரர்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசியில் அது விடியுமுன்னே கூவிவிட்டது. அவர்கள் வீரன் முந்திக்கொண்டு போய்ப் பெரும்பகுதி நிலத்தைப் பிடித்துவிட்டான். இது கர்ணபரம்பரைக் கதை. ஆனால் 1924-ல் முப்பத்து மூன்று பேர் சேர்ந்து, கண்டவனெல்லாம் கியாந்தி என்று பெயர் போட்டு விற்கிறான் என்று சங்கம் வைத்துக் கறுப்புச் சேவலை முத்திரையாக எடுத்துக்கொண்டது நடந்த விஷயம். நம்ம ஊரில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததும் ஏறக்குறைய அதே காலம். அங்கேயும் இங்கேயும் போலி லேபிள் தொல்லை ஒன்றுதான்.

அடுத்தது விலை. "இவ்வளவா?" என்று வாயைப் பிளந்தேன். கணக்குச் சொன்னாள். 600 ரூபாய்க்கு வந்து இறங்கும் பாட்டிலுக்குச் சுங்க வரி 150 சதவீதம். அதுவே 1500 ஆகிவிடும். அதற்கு மேல் மாநில வரி, இறக்குமதி செய்கிறவர் லாபம். எல்லாம் சேர்ந்த விலையை ஓட்டல்காரர்கள் இரண்டரை, மூன்று மடங்காக்கிப் பட்டியலில் போடுவார்கள்.

"எல்லா பாட்டிலுக்கும் மூணு மடங்கா?"

"ஆமா."

"அது தப்பு. அச்சுல மேக்-ரெடி செலவுன்னு ஒண்ணு உண்டு. பிளேட் மாட்டி, மெஷினை செட் பண்ற செலவு. ஆயிரம் அடிச்சாலும் அதுதான், லட்சம் அடிச்சாலும் அதுதான். உனக்கு கிளாஸ் கழுவுறது, பரிமாறுறது, ஏ.சி. எல்லாம் எந்த பாட்டிலுக்கும் ஒண்ணுதானே? அப்போ விலை கூடக் கூட மடங்கு குறையணும்."

அவள் சற்று நேரம் என்னைப் பார்த்தாள். நல்ல ஓட்டல்களில் அப்படித்தான் செய்வார்கள், இங்கே முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை, இனி மேக்-ரெடி கதையைச் சொல்லிப் பார்க்கிறேன் என்றாள்.

விலையைப் பார்த்துக்கொண்டே வந்ததில் ஒன்று உறுத்தியது. அடியிலிருந்து இரண்டாவது விலையில் இருந்த ஒயின். வாங்கிய விலைக்கும் விற்கிற விலைக்கும் ஐந்தரை மடங்கு வித்தியாசம். கேட்டேன். கொஞ்சம் தயங்கிச் சொன்னாள். ஒயின் தெரியாதவர்கள் ஆகக் குறைந்த விலையைக் கேட்கக் கூச்சப்பட்டு, அதற்கு அடுத்ததைச் சொல்வார்களாம். அதனால் லாபம் அதிகமான சரக்கை அந்த இடத்தில் வைப்பது தொழிலில் நடக்கிறதுதானாம்.

"கூச்சப்படுறவன் தலையில கட்டுறதாம்மா?" என்றேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

பேனாவை வாங்கி அவளே அந்த வரியை அடித்தாள். அந்த இடத்தில் மகாராஷ்டிரத்தில் அக்லூஜ் என்ற ஊரில், இத்தாலியச் சகோதரர்களும் நம் நாட்டுச் சகோதரர்களும் சேர்ந்து நடத்தும் பிராட்டெல்லி தோட்டத்துச் சாஞ்சியோவேசே ஒயினை எழுதினாள். பிராட்டெல்லி என்றால் இத்தாலிய மொழியில் சகோதரர்கள் என்று அர்த்தமாம். கியாந்தி செய்கிற அதே திராட்சை, நம் நாட்டு மண்ணில். சுங்க வரி கிடையாது. கொடுக்கிற காசுக்கு நல்ல சரக்கு.

அந்தக் கூச்சத்துக்கு நானும் ஒரு வழி சொன்னேன். சாம்பிள் ஆல்பத்தில் ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு நம்பர் இருக்கும். ஏஜென்டுக்குச் சாமி பெயர் தெரிய வேண்டியதில்லை, நம்பர் சொன்னால் போதும். "ஒவ்வொரு ஒயினுக்கும் நம்பர் போடு. வாயில நுழையாத பேரைச் சொல்ல வெக்கப்படுறவன் பதினாலு குடுங்கன்னு சொல்லிருவான்." ஒயின் வியாபாரத்திலும் அந்த வழக்கம் உண்டாம். தான் எப்படி மறந்தேன் என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

கடைசியாக கிளாஸ் கணக்கு. ஒரு பாட்டில் 750 மில்லி. 150 மில்லி ஊற்றினால் ஐந்து கிளாஸ். திறந்த பாட்டில் இரண்டு மூன்று நாளில் கெட்டுப்போகும் என்பதால் சில ஒயின்களை மட்டுமே கிளாஸில் கொடுக்க முடியும். அவள் எட்டு வைத்திருந்தாள். அதிலும் பாதி அளவு, 75 மில்லியும் உண்டு.

"ஒரு கிளாஸோட எந்திரிச்சுப் போறவங்க உண்டா?" என்று கேட்டேன்.

"நிறைய பேரு. அதுக்குத்தான் பாதி கிளாஸும் வெச்சேன்."

"எந்திரிக்காதவங்க?"

மகள் பேனாவை மூடி வைத்தாள். "அளவு தாண்டினா நான் ஊத்த மாட்டேம்ப்பா. லிஸ்டை எடுத்துருவேன். தண்ணி குடுத்து, வண்டி பிடிச்சு அனுப்பிருவேன். சண்டை போடுவாங்க. முதலாளிகூட ஒரு தடவை ஏன்னு கேட்டாரு. எங்க பெரியப்பா இப்படித்தான் போனாருன்னு சொன்னேன். அதுக்கப்புறம் கேட்கல."

வீட்டம்மா கையைக் கழுவப் போயிருந்தாள். மகள் மெதுவாகச் சொன்னாள். "அன்னைக்கு நீங்க அந்த பாட்டிலைக் கையில எடுத்து ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான் கதவுகிட்ட நின்னேன். ஏன் லேபிளையே பாக்கீங்கன்னு அப்ப புரியல."

இருபத்தைந்து வருடம் யாரிடமும் சொல்லாததை அந்த ஓட்டல் மேசையில் சொன்னேன். இரவு ஷிப்ட், விலகிய தங்க நிறம், போகட்டும் என்றது எல்லாம். அவள் குறுக்கே பேசவில்லை. என் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.

"அந்தக் கட்டை நீங்க திருப்பி அனுப்பியிருந்தா பெரியப்பா குடிக்காம இருந்திருப்பாராப்பா?"

"இல்ல."

"பெறகென்ன?"

"தெரியலம்மா."

அதற்கு மேல் இரண்டு பேருமே பேசவில்லை. வீட்டம்மா வந்து, "என்ன, முடிஞ்சிருச்சா பரீட்சை?" என்றாள்.

கிளம்புவதற்கு முன் மகள் ஒரு கண்ணாடியில் அந்த அக்லூஜ் ஒயினை இரண்டு விரல் அளவு ஊற்றி, "குடிக்க வேணாம், மோந்து மட்டும் சொல்லுங்க. என் ஆளுங்களுக்கு நான் வைக்கிற பரீட்சைதான்" என்றாள். மை வாசனையை வைத்தே எந்த மெஷினில் எந்தக் கலர் ஓடுகிறது என்று சொன்ன மூக்கு இது. முகர்ந்தேன். "நாவப்பழம். அப்புறம் பழைய தோல் பை" என்றேன். தோல் வாசனை என்று புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார்களாம். நாவல்பழத்தை அவள் குறித்துக்கொண்டாள். நான் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டேன்.

மது சேராத பானங்கள் பட்டியலின் கடைசியில் இருந்தன. அதை முதலில் போடு என்று அம்பு வரைந்து காட்டியதுதான் நான் போட்ட கடைசிச் சிவப்புக் குறி.

2020 பிப்ரவரியில் ஒரு கூரியர் வந்தது. 300 ஜி.எஸ்.எம். அட்டை, பதினொரு பாயின்ட், ஐம்பத்திரண்டு பெயர், ஒவ்வொன்றுக்கும் நம்பர். மேலே மோரும் கொக்கம் சர்பத்தும். பதினாலாம் நம்பருக்கு எதிரே நாவல்பழ வாசனை என்று இங்கிலீஷில் ஒரு வரி. லென்ஸை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தேன். அச்சுத்தொழிலில் ஒரு சாபம் உண்டு. எத்தனை தடவை புரூப் பார்த்தாலும், அச்சாகி வந்த பிறகுதான் பிழை கண்ணில் படும். கிளாசிகோவில் இரண்டு எஸ் வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. நான் விட்ட பிழை.

அவள் வேலையைப் பற்றி நானாகப் போன் போட்டது அன்றுதான் முதல் தடவை.

"பாப்பா, ஒரு எஸ்ஸு விட்டுப்போச்சு. நான்தான் பாக்கலை. சின்னதுதான். அடுத்த மாச அச்சுல மாத்திக்கலாம், போகட்டும்" என்றேன்.

"வந்த அன்னைக்கே பாத்துட்டேம்ப்பா. ராத்திரி உக்காந்து அறுபது அட்டையிலயும் பேனாவால திருத்திட்டேன். உங்களுக்குத் திருத்தாத அட்டையாப் பாத்து அனுப்பினேன். கண்டுபிடிக்கிறீங்களான்னு பாத்தேன்."

அடுத்த மாதம் ஊரடங்கு வந்தது. ஓட்டல் பல மாதம் மூடிக் கிடந்தது. அந்த அட்டைகளும் மேசையில் அப்படியே கிடந்தனவாம். பிறகு திறந்தார்கள். இப்போது வேறு பட்டியல், வேறு நம்பர்கள். ஒவ்வொரு மாதமும் அச்சுக்குப் போகுமுன் புரூப் எனக்கு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். போனில் பெரிதாக்கிப் பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.

அந்தத் தொழில் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அதை அவளிடம் மறைக்கவும் இல்லை. அந்தப் பழைய அட்டை என் மேசை டிராயரில், லென்ஸுக்கு அடியில் இருக்கிறது. எஸ் விட்டுப்போன இடத்தை நான் திருத்தவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.